பழைய ஜீப்பும் பாஸ்கல் விதியும்



ஒரு வண்டியைப் பார்த்தால் "எவ்ளோ ஸ்பீடு போகும்?" என்றுதான் எல்லோரும் கேட்போம். "எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று யாரும் கேட்பதில்லை. என் அப்பா மெக்கானிக். அவருடைய பட்டறைக்கு வந்த ஒரு பழைய ஜீப்பினால்தான் நான் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டேன். மனப்பாடம் மட்டும் செய்து வைத்திருந்த பாஸ்கல் விதியும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஜீப்பின் கதை

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் ஜீப்புகள் செய்யப்பட்டன. 1947ல் மகிந்திரா நிறுவனம் அவற்றை நம் நாட்டில் பொருத்தி விற்கத் தொடங்கியது. பட்டறைக்கு வந்தது சி.ஜே.3பி என்ற மாடல். உள்ளே இருந்த இன்ஜின் உயரமானது என்பதால் இதன் பானட்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கோவளத்துப் பெரியவர் ஒருவருடைய வண்டி அது. கடற்கரை மணலில் நான்கு சக்கரமும் இழுக்கும் என்பதால் விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார். பழைய பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் போட்டிருந்தார். டயரும் பெரிசு. ஆனால் பிரேக் மட்டும் பழைய 9 அங்குல டிரம் பிரேக்தான்.

"பிரேக்கு சரியா புடிக்கல" என்று அவர் சொன்னதால் அப்பா காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார். நான் டேப் பிடித்தேன். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் அடித்ததும் வண்டி 13 மீட்டர் தள்ளிப்போய் நின்றது. அதுவும் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

அன்றைக்கு நடந்தது

திரும்பி வரும்போது ரோட்டில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. மெதுவாகத்தான் வந்தோம். எதிரே நம் பள்ளியின் ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தான். அப்பா பிரேக்கை அமுக்கினார். பெடல் நேராகத் தரையைத் தொட்டது. மறுபடி மறுபடி அமுக்கினார், ஒன்றும் இல்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். தம்பியின் சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. அப்பாவின் கை நடுங்கியதை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அந்தத் தம்பியும் இதைப் படிப்பான் என்று நினைக்கிறேன்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

நம் அறிவியல் புத்தகத்தில் உள்ள பாஸ்கல் விதி இதுதான்: மூடிய திரவத்தின் மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகும். ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டர் இரண்டு பிரேக் ஷூக்களை விரிக்கும். ஷூவின் மேல் உள்ள லைனிங், சுற்றும் டிரம்மின் உட்புறத்தில் உரசும். உராய்வினால் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறும். வண்டி நிற்கும்.

கணக்குக்காக ஒரு உதாரணம். காலால் 200 நியூட்டன் விசை கொடுக்கிறோம். பெடல் நெம்புகோல் அதை 5 மடங்காக்கினால் 1000 நியூட்டன். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் பரப்பு 5 சதுர செ.மீ. என்றால் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 200 நியூட்டன். இந்த அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் குறையாமல் போகும்.

ஆனால் ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தாலும் அழுத்தம் எங்கேயும் நிற்காது. அன்றைக்கு நடந்தது இதுதான். பின்னால் இடது சக்கரத்தின் வீல் சிலிண்டர் உப்புக்காற்றில் துருப்பிடித்து, ரப்பர் வாஷர் கிழிந்து ஒழுகியிருந்தது. பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். அதனால் ஒரு சக்கரத்தில் ஒழுகியதும் நான்குமே போய்விட்டன. ஹேண்ட் பிரேக் மட்டும் ஏன் பிடித்தது? இந்த ஜீப்பில் அது சக்கரத்தில் இல்லை. கியர்பெட்டிக்குப் பின்னால் சுற்றும் தண்டைத் தனியாகப் பிடிக்கிறது. அதற்கு ஆயிலே தேவையில்லை.

பிரேக் ஏன் பலவீனமாக இருந்தது?

1. டிரம்முக்குள் தண்ணீர் போனால் சீக்கிரம் வெளியே வராது. ஈர லைனிங் வழுக்கும்.
2. சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே இறங்கும்.
3. டயர் பெரிதானால் அதை நிறுத்த அதிகத் திருப்பு விசை வேண்டும். டிரம் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.
4. பழைய டிரம்மில் லைனிங் தேயத் தேய ஷூவைக் கையால்தான் நெருக்கி வைக்க வேண்டும். பல வருஷமாக யாரும் அதைச் செய்யவில்லை.

எதை முதலில் மாற்றுவது?

பெரியவர், "என் பேரன் பைக்குலயே டிஸ்க் இருக்குது. இதுக்கும் டிஸ்க்கே மாட்டிடுப்பா" என்றார். அதற்கு அப்பா, "மாட்டலாம் ஐயா. ஆனா ஓட்டைக் குழாய்க்குப் பெரிய மோட்டார் போட்டா தண்ணி வருமா? மொதல்ல ஓட்டைய அடைப்போம்" என்றார். அப்பா சொன்ன வரிசையைக் கீழே எழுதுகிறேன்.

முதல் படி, இருப்பதைச் சரி செய்வது. நான்கு வீல் சிலிண்டரும் ரப்பர் ஹோஸ்களும் புதிது. டிரம்மை லேத்தில் கடைந்து வட்டமாக்கி, புது லைனிங் ஒட்டி, ஷூவை நெருக்கி வைத்து, லைனில் இருந்த காற்றை வெளியே எடுத்தார்கள். காற்று ஏன் கூடாது? திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். மிதிக்கும் விசை காற்றை அமுக்குவதிலேயே வீணாகிவிடும்.

இரண்டாம் படி, டபுள் மாஸ்டர் சிலிண்டர். முன் சக்கரங்களுக்கு ஒரு லைன், பின் சக்கரங்களுக்கு ஒரு லைன். ஒன்று ஒழுகினாலும் மற்றது பிடிக்கும். இதனால் பிரேக்கின் பலம் கூடாது. ஆனால் உயிரைக் காப்பது இதுதான்.

மூன்றாம் படி, பெரிய டிரம் அல்லது டிஸ்க். 9 அங்குலத்துக்குப் பதில் 11 அங்குல டிரம் போட்டால், அதே விசைக்கு 11 ÷ 9 = 1.22, அதாவது சுமார் 22 சதவீதம் அதிகத் திருப்பு விசை கிடைக்கும். டிஸ்க் என்றால் தண்ணீர் சீக்கிரம் சிதறிவிடும், சூடும் சீக்கிரம் ஆறும்.

ஆனால் டிஸ்க்கிலும் சிக்கல் உண்டு. டிரம்மில் ஒரு ஷூவை டிரம்மின் சுழற்சியே உள்ளே இழுத்து அழுத்த உதவும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. அதனால் இன்னும் பலமாக மிதிக்க வேண்டும், அல்லது பூஸ்டர் வேண்டும். பூஸ்டருக்கு வெற்றிடம் தேவை. அது பெட்ரோல் இன்ஜினில் தானாகவே கிடைக்கும், டீசலுக்குத் தனி வாக்குவம் பம்ப் வைக்க வேண்டும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரை அப்படியே டிஸ்க்குக்கு வைத்தால் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருக்கலாம். முன்னும் பின்னும் பிடிப்பது சமமாக அமையாமல் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுற்றிவிடும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க ஐயா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று மூன்றாம் படியை அப்பா நிறுத்திவைத்தார்.

டிரம் என்றாலே மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். 2020ல் வந்த மகிந்திரா தாரில்கூட முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்தான்.

விடை என்ன?

இரண்டு படிகள் முடிந்ததும் அதே மைதானம், அதே டேப், அதே 30 கிலோமீட்டர் வேகம். இந்த முறை 7 மீட்டரில் நேராக நின்றது!

v² = u² + 2as என்ற சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன். 30 கி.மீ. என்பது நொடிக்கு சுமார் 8.3 மீட்டர். முன்பு எதிர் முடுக்கம் சுமார் 2.7 மீ/வி². இப்போது சுமார் 5 மீ/வி². டிஸ்க் போடாமலேயே ஏறக்குறைய இரண்டு மடங்கு!

இன்னொன்றையும் கவனியுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டரில் வந்தால் இதே நல்ல பிரேக்குக்கே 28 மீட்டர் வேண்டும். பழைய பிரேக் என்றால் 52 மீட்டர். ரோட்டைக் கடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நினைவில் கொள்ள

* பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். மூடி திறந்து வைத்த பழைய டப்பாவை ஊற்றக் கூடாது.
* பிரேக் ரப்பரை டீசல், மண்ணெண்ணெயில் கழுவக் கூடாது. உப்பிக் கெட்டுவிடும்.
* பழைய லைனிங் தூளில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலுக்கு மிகவும் கெடுதல். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். முன்பெல்லாம் அப்பா காற்றடித்துத்தான் சுத்தம் செய்வார். இதைப் படித்துத் தெரிந்துகொண்டு நான் சொன்ன பிறகு ஈரத்துணிக்கு மாறிவிட்டார்.
* பெடல் வழக்கத்தை விடக் கீழே இறங்கினால் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று விடக் கூடாது.

உங்கள் வீட்டில் எந்த வண்டி இருந்தாலும் சரி, இன்று மாலை ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" பதில் தெரியாவிட்டால் முதலில் பிரேக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி,
கேளம்பாக்கம்.