உயிர் வாணிபம்

உபாசகர்க்கு ஆகாதவை எனப் பகவான் விலக்கிய ஐந்து வாணிபங்களுள் உயிர் வாணிபமும் ஒன்று. சீவரத்தின் நிழலிலேயே அது நடந்தால் விளைவு யாது?

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் "புலிக்கோயில்" எனப் பெயர்பெற்ற விகாரையில், காசு கொடுத்தோர் புலிக்குட்டிகளை மடியிலிட்டுப் படம் எடுத்துக்கொண்டனர். 2016இல் அரசினர் அங்கிருந்து 147 புலிகளை மீட்டனர். குளிர்ப்பெட்டியில் 40 குட்டிகளின் சடலங்கள் கிடந்தன. ராட்சபுரியிலுள்ள அரசுக் காப்பகங்களில் வைத்துப் பேணியும், 2019க்குள் 86 புலிகள் மாண்டன. நெருங்கிய இரத்த உறவில் பிறந்தமையால் நோயெதிர்க்கும் வலிமை குன்றியிருந்தன என்றனர் அதிகாரிகள்.

தாயிடம் வேட்டை பயிலாத குட்டி காட்டில் தனித்து வாழ இயலாது. ஆயுள் முழுதும் அதற்கு இடமும் மருத்துவமும் வேண்டும். கூண்டில் மீண்டும் இனம் பெருக்கலாகாது.

ஆதலின் சீலம் காப்போன் அத்தகைய இடத்தில் காசு கொடாதிருக்கக் கடவன். அக்காசே அடுத்த குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிறது.