ஆடியில் ஒதுக்கு, ஆவணியில் தை

வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைத்து, ஆரி வேலையும் எடுத்துச் செய்கிறவர்களில் தனி அறை வாய்த்தவர்கள் குறைவு. எனக்கும் ஹாலில் ஜன்னலோரம் ஒரு மெஷின், சுவரோரம் ஆரி ஸ்டாண்ட், பீரோவில் இரண்டு தட்டு, அவ்வளவுதான் இடம். இந்த இடத்தில் குவியல் சேர ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது. வாடிக்கையாளர் கொடுத்த துணி, நாம் வாங்கிய சரக்கு, வெட்டிய மிச்சம் மூன்றும் கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

அதற்குக் காலமும் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண ஜாக்கெட் வரத்து குறையும். ஆடியில் முதல் பாதிதான் தோது. கடைசி வாரத்திலேயே ஆவணிக் கல்யாணத் துணிகள் வந்து இறங்கிவிடும். அதன் பின்னாலேயே தீபாவளி.

ஒரு ஆர்டர், ஒரு கவர்

துணி பெரும்பாலும் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில்தான் வரும். ஒரே கடைப் பையோடு மூன்று பேர் வந்தால் எது யாருடையது? வாங்கிய கையோடு சேலைக்கான ஜிப் கவருக்கு மாற்றிவிடுங்கள். ஜாக்கெட் துணி, அளவு ஜாக்கெட், அதற்குரிய லைனிங், பெயரும் டெலிவரி தேதியும் எழுதிய சீட்டு, எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும். அளவு ஜாக்கெட்டைத் தனியாக எங்கும் வைக்காதீர்கள். “அக்கா, என் அளவு ஜாக்கெட்டைக் காணோமே” என்ற பேச்சே எழாது. கவர்களைத் தேதி வரிசையில் நிறுத்தி வைத்தால் அடுத்து எதை வெட்டுவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

காட்டன் லைனிங் நனைத்தால் சுருங்கும். ஆகவே அதற்கு இரண்டு இடம் வேண்டும். நனைத்து இஸ்திரி போட்டது மேல் தட்டில். நனைக்காதது கடைக் கவரிலேயே கீழ்த் தட்டில். அவசரத்தில் கை மாறிப் போகாது.

மணியும் ஜரியும்

சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், சமிக்கி, குந்தன் எல்லாம் கிழிந்த பாக்கெட்டில் கிடந்தால் தினமும் தரையில்தான் பொறுக்க வேண்டும். திருகு மூடி போட்ட கண்ணாடி மாதிரியான சின்ன டப்பாக்களே நல்லது. அன்றைய டிசைனுக்கு வேண்டியதை மட்டும் பழைய அஞ்சறைப் பெட்டியில் எடுத்துக்கொள்கிறேன். தைக்கும்போது மணியை வெல்வெட் துண்டின்மேல் கொட்டிக்கொண்டால் உருளாது; ஊசி முனையில் எடுப்பதும் சுலபம்.

ஜர்தோசிக்கும் ஜரிக்கும் ஈரக் காற்று ஆகாது. கடலோர ஊர்க்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இறுக்கமான டப்பாவில் போட்டு, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைச் சேர்த்து, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஜரிக் கண்டுக்கு ரப்பர் பேண்ட் போடாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். பருத்தி நூலால் கட்டினால் போதும்.

பட்டு நூல் கண்டின் நிற எண் ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். பாதிக் கையில் நூல் தீர்ந்துவிட்டால், “மயில் கழுத்துப் பச்சை” என்று கடையில் சொல்வதைவிட அந்த எண்ணைச் சொன்னால்தான் அதே நிறம் கிடைக்கும்.

கத்தரியும் ஊசியும்

துணி வெட்டும் கத்தரிக்குச் சிவப்பு நாடா கட்டி, ஆணியில் உயரமாக மாட்டியிருக்கிறேன். பால் கவர் வெட்ட, பார்சல் பிரிக்க வீட்டாருக்கென்று வேறு கத்தரி கீழே கிடக்கிறது. காகிதமும் பிளாஸ்டிக்கும் வெட்டினால் துணிக் கத்தரியின் கூர் போய்விடும். வேலை முடிந்ததும் காந்தத்தைத் தரையில் ஒரு சுற்று ஓட்டினால் விழுந்த ஊசிகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டில் மாட்டிய துணியைப் பழைய வேட்டியால் மூடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், ஈரத்தை உள்ளேயே தேக்கிவிடும்.

மிச்சத் துணி

கஸ்டமரின் மிச்சத்தை அவர்கள் கவரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்னால் ஜாக்கெட்டைப் பிரித்துவிட வேண்டி வந்தால் அவர்களுக்கு அது உதவும். அவர்கள் வேண்டாமென்று விட்டதிலும் நம் சொந்தத் துணியிலும் உள்ளங்கை அகலத்துக்கு மேல் இருப்பதை மட்டும் வையுங்கள். பட்டு என்றால் பொட்லி பட்டனுக்கும் குஞ்சத்துக்கும், நீளத் துண்டென்றால் பைப்பிங்குக்கும் ஆகும். அதற்கும் சின்னது தலையணைக்குள் அடைக்கப் போகட்டும். ‘என்றைக்காவது ஆகும்’ என்று எடுத்து வைத்த துண்டுதான் பீரோவை அடைக்கிறது.

டப்பா வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்து முடித்த பிறகுதான் எந்த அளவில் எத்தனை வேண்டும் என்று தெரியும். ஊறுகாய் பாட்டிலும் பிஸ்கட் டின்னுமே பாதிக்குப் போதுமானதாக இருக்கும். அடுத்த முறை சவுகார்பேட்டைக்கோ உங்கள் ஊர்க் கடைவீதிக்கோ கிளம்புமுன் நூலையும் மணியையும் ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இருக்கிற நிறத்தையே மறுபடி வாங்குவது நின்றால் மிஞ்சுகிற காசு முழுக்க உங்கள் லாபம்தான்.