அத்தை காட்டிய ஒழுக்கு

பழைய வீட்டைச் சரிசெய்யப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்த வீட்டில் இதுவரை யார் யார் என்னென்ன ரிப்பேர் பார்த்திருக்கிறார்கள்? பட்ஜெட், எஞ்சினியர், மேஸ்திரி எல்லாம் அப்புறம். மாதவரத்தில் எங்கள் தாத்தா வீட்டில் கை வைத்தபோது தெரிந்துகொண்டது இது. சுண்ணாம்பில் எழுப்பிய கட்டடம் வயதாகிக் கெடுவது கொஞ்சம். வீட்டார் நல்லெண்ணத்தோடு அதன்மேல் அப்பிய சிமென்ட்டால் கெடுவதுதான் நிறைய. எனவே எங்கள் வேலையில் பாதி, பழைய ரிப்பேர்களைக் கழற்றுவதாகவே இருந்தது. எது எங்கே அப்பப்பட்டது என்று சொல்ல ஒரு வரைபடமும் கிடையாது. வீட்டுப் பெரியவர்களின் ஞாபகம்தான் வரைபடம்.

தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். மாதவரம் ஏரியும் வயலுமாக இருந்த காலத்தில், ஏற்கெனவே கட்டியிருந்த இந்த வீட்டை வாங்கி, இங்கிருந்து மில்லுக்கு சைக்கிளில் போய்வந்தார். திண்ணை, ரேழி, கூடம், சின்ன முற்றம், பின்னால் அடுப்படி, கிணறு. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ் போட்ட மெத்தை வீடு. பின்கட்டுக்கு மங்களூர் ஓடு. மில் 1996இல் மூடப்பட்டது. மாதவரம் நகராட்சியாகி, 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பாட்டி போனபிறகு வீடு பூட்டியே கிடந்தது. 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையும் உள்ளே வந்து போயின. பார்த்தவர்கள் எல்லோரும் இடித்துவிட்டு ஃபிளாட் கட்டச் சொன்னார்கள். அதுவும் தப்பான யோசனை என்று சொல்லமாட்டேன். எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

செங்கல்லைத் தொடும் முன்னால் பத்திரத்தைத் தொடுங்கள். தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இப்படிப்பட்ட சொத்தில் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு. ‘1989க்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பங்கு இல்லை’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தமிழ்நாட்டின் 1989 திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. தாத்தாவே வாங்கிய வீட்டுக்கு அதை இழுக்கக் கூடாது. எங்கள் சொந்தத்திலேயே சிலர் இழுத்தார்கள். வக்கீலிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசியதில் அந்தப் பேச்சு அடங்கியது. வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, சொத்துவரிப் பெயர் மாற்றம் மூன்றையும் முடித்தோம். யார் எவ்வளவு போடுகிறார்கள், பிற்காலத்தில் விற்றால் அந்தப் பணம் எப்படித் திரும்பும் என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று சித்தப்பா கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். அத்தைதான், “எழுதுடா, நாளைக்கு நீ மறந்துடுவ” என்று முடித்துவைத்தார்.

அடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் மூன்று பேர் கையிலும் சாக்பீஸ் கொடுத்து வீட்டைச் சுற்றி வரச் சொன்னோம். எங்கே ஒழுகும், எங்கே சுவர் ஓதம் அடிக்கும், எந்தக் குழாயை யார் அடைத்தது என்று நினைவுக்கு வருவதையெல்லாம் அங்கங்கே குறிக்க வேண்டும். இதைவிட மலிவான, இதைவிடச் சரியான சர்வே எந்தக் கம்பெனியும் செய்து தராது. சித்தப்பா கூடத்துச் சுவரில் கோடு போட்டு, “தொண்ணூத்தி ரெண்டுல நான்தான் இதுவரைக்கும் சிமென்ட் பூசச் சொன்னேன். காரை உதிருதுன்னு அம்மா தினம் திட்டுவாங்க” என்றார். அத்தை ரேழி மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தார். அங்கே ஃபால்ஸ் சீலிங் பளிச்சென்று இருந்தது. “இங்கதான்டா பித்தளை அண்டாவை வெப்போம். மழைக்காலம் முழுக்கச் சொட்டும்.” எஞ்சினியர் பார்த்துப் போன இடம்தான் அது, அவர் பட்டியலில் அந்த மூலை இல்லை. பலகையைக் கழற்றிப் பார்த்தால், சுவருக்குள் புதைந்திருந்த தேக்குக் கட்டையின் முனை ஊறின பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது.

மெட்ராஸ் டெரஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு: சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக, குறுக்குச் சாய்வாக நிறுத்திக் கட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. இரும்புக் கம்பி ஒன்று கிடையாது. இந்தத் தளத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, கட்டையின் முனையில் தங்கும் ஈரம். கட்டையின் நடுப்பகுதி நூறு வருஷம் இரும்பாக இருக்கும், சுவருக்குள் போகிற முனைதான் சத்தமில்லாமல் மக்கும். இன்னொன்று பாரம். ஒழுகும்போதெல்லாம் மேலே இன்னொரு அடுக்கு போடுவது நம் ஊர் வழக்கம். எங்கள் மாடியில் பழைய தட்டோட்டுக்கு மேல் ஜல்லித் தளம், அதற்கு மேல் சிமென்ட், அதற்கு மேல் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட். கட்டைகள் தொய்ந்ததற்கு வயது காரணம் அல்ல, தலையில் ஏற்றிய சுமைதான்.

கட்டையைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். நல்ல தேக்கில் நுனிகூட இறங்காது. சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீர் என்னும், மக்கியது மொத்தென்று கேட்கும். எங்கள் வீட்டில் பல கட்டைகளுக்கு முனை மட்டும்தான் போயிருந்தது. கீழே சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்துவிட்டு, மேல் அடுக்குகளை உடைத்து இறக்கினோம். உடைத்த ரப்பிஷை மாடியிலேயே குவித்து வைக்கவிடாதீர்கள். அன்றன்றைக்கு இறக்கியாக வேண்டும். எந்தப் பாரத்தைக் குறைக்க ஆரம்பித்தீர்களோ அதே பாரம் ஒரே இடத்தில் சேர்ந்தால் தளம் உட்கார்ந்துவிடும். மக்கிய முனைகளை வெட்டிவிட்டு, இருபுறமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் போட்டு முடுக்கினோம். முழுவதும் போன கட்டைகளுக்குப் பதில், வீடு இடிக்கும் இடங்களில் கழித்துப்போடும் பழைய தேக்கை வாங்கினோம். காய்ந்து முறுகிய மரம் இனிமேல் திருகாது. பதிக்கிற முனையைச் சுவரோடு இறுகப் பூசிவிடாமல், சுற்றிக் கொஞ்சம் காற்றிடம் விடச் சொல்லுங்கள். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இந்தத் தளத்துக்கே போனது. கிருஹப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை, பெயின்ட்டைத்தான் பார்த்தார்கள்.

சுவருக்கு வருகிறேன். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், தன் மேல்பரப்பு வழியாக அதை வெளியே விடவும் செய்யும். அதன்மேல் சிமென்ட் பூசி, புட்டி வைத்து, எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். கூடவே உப்பையும் ஏற்றும். இடுப்பளவில் இருந்த ஓதம் தோளளவுக்கு வந்தது சித்தப்பாவின் சிமென்ட்டுக்குப் பிறகுதான் என்று அத்தை கணக்குச் சொன்னார். இருவரும் அதைப் பற்றி ஒரு மாலை முழுக்க வாதாடினார்கள். பூச்சைக் கழற்றும்போது ஓர் எச்சரிக்கை: தட்டிப்பாருங்கள், பொக்கென்று கேட்கும் இடத்தை மட்டும் எடுங்கள். இறுகப் பிடித்திருக்கும் சிமென்ட்டை உளி வைத்துப் பெயர்த்தால் பழைய செங்கல்லின் முகமும் அதோடு வந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு சுவரை நாங்கள் அப்படியே விட்டிருக்கிறோம்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பாரா என்று கேட்கிறார்கள். கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில் விசாரியுங்கள். எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தார். 2012இல் தீயில் எரிந்த சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் கலவையிலேயே புதுப்பித்து 2017இல் முடித்தது. அதற்குப் பிறகு சென்னையில் இந்த வேலைக்கு ஆள் கேட்டால் யாரும் ஒருமாதிரியாகப் பார்ப்பதில்லை. எங்கள் மாதவரம் பக்கத்துப் பழைய வீடுகளுக்கெல்லாம் எண்ணூர், பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் என்பது பெரியவர்கள் வாக்கு. நாங்கள் பெரும்பாலும் கல் சுண்ணாம்பையே வாங்கினோம். தொட்டியில் நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி வாரக்கணக்கில் ஊறவிட்டோம். நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பிள்ளைகளைக் கிட்டேயே விடக்கூடாது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு மணல்; ஈரம் தாங்க வேண்டிய இடத்தில் மணலில் ஒரு பகுதிக்குச் செங்கல் தூள். கலவைக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம் என்று கொத்தனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் கிணறு உப்பு. அதையே சுவருக்குள் பூசிவிட்டு அப்புறம் உப்புப் பூக்கிறதே என்று அழுவதில் அர்த்தமில்லை. மெட்ரோ வாட்டர் லாரிதான். தை பிறந்ததும் பூச்சை ஆரம்பித்தோம். சித்திரை வெயிலில் சுண்ணாம்பு வேகமாகக் காய்ந்து வெடிக்கும். மெல்லிசாகப் பூசி, ஈரச் சாக்கு போட்டு, ஆற விட்டு, அடுத்த பூச்சு. அவசரக்காரர்கள் சிமென்ட்டுக்கே போய்விடலாம், சுண்ணாம்பு அவர்களுக்குச் சரிப்படாது.

தரையில் எங்களுக்கு அதிர்ஷ்டமில்லை. கூடத்து டைல்ஸை எடுத்தால் கீழே பழைய சிவப்புத் தரை இருந்தது. ஆனால் டைல்ஸ் பிடிக்க வேண்டும் என்று அப்போதைய ஆட்கள் அதை முழுக்கக் கொத்திவிட்டிருந்தார்கள். ரேழியில் மட்டும் தப்பித்த துண்டை தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தோம். தம்பி ஆத்தங்குடி கல் போடலாம் என்றான். அழகுதான். ஆனால் மில் தொழிலாளி வீட்டைச் செட்டியார் வீடாக்குவானேன்? சிவப்பு ஆக்சைடே போட்டோம். பழைய வீடு என்றாலே எல்லோருக்கும் காரைக்குடி ஞாபகம் வருவது ஒரு நோய். முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய்வாருங்கள். ஒவ்வொரு ஊரிலும் சாதாரண ஜனம் எப்படி வீடு கட்டியது என்று உள்ளே நுழைந்தே பார்க்கலாம்.

சென்னைக்கே உரிய தலைவலி, தெரு மட்டம். சாலைமேல் சாலை போட்டு எங்கள் திண்ணை தெருவுக்குக் கீழே போய்விட்டது. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கலாமே என்று ஆலோசனை வந்தது; இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டைத் தூக்கியும் இருக்கிறார்கள். அது கான்கிரீட் வீடு. அடியில் பீம் இல்லாத, சுண்ணாம்பில் கோத்த செங்கல் சுவரை அப்படித் தூக்க எங்கள் எஞ்சினியர் சம்மதிக்கவில்லை. வாசலில் மேடு கட்டி, முற்றத்துத் தண்ணீருக்குப் பின்பக்கம் ஒரு சம்ப்பும் மோட்டாரும் வைத்தோம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டிருக்கிறார். உங்கள் தெருவில் தார் லாரி வரும்போது அந்த உத்தரவின் நகலோடு வாசலில் நில்லுங்கள்.

விரிசல்களைப் பார்த்துப் பதறாதீர்கள், ஆனால் கவனியுங்கள். எங்கள் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டம் அதிகம், மெட்ரோ வேலையும் நடக்கிறது. விரிசலுக்குக் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைத்தோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒன்று உடைந்தது, அந்த இடத்தில் மட்டும் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தோம். வேப்பமர வேர்.

குடும்பமாகச் செய்வது என்றால் எல்லோரும் எல்லாம் செய்வது என்று அர்த்தமில்லை. மாடி, மின்சாரம், கட்டை மூன்றும் தொழில் தெரிந்தவர்களுக்கு. அடுப்படிமேல் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும் நாங்களாக உடைக்கவில்லை. நனைத்து, முழுசாக, முகமூடியோடு இறக்க வைத்தோம். பழைய கதவில் உள்ள எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்ட்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதனால் உப்புத்தாள் போட்டு உலர்ந்தபடியே தேய்க்காமல், ஈரமாகவே சுரண்டினோம், பெரியவர்கள் மட்டும். பிள்ளைகளுக்கு ஓடு கழுவி அடுக்கும் வேலை, ஆணி பொறுக்கும் வேலை. அப்பாவுக்கு மூட்டு வலி, கணக்கு நோட்டு அவரிடம். அத்தைக்கு என்று எதுவும் ஒதுக்கவில்லை. ஆனால் கொத்தனார் சந்தேகம் வந்தால் தேடியது அவரைத்தான்.

இப்போது வேலை வருஷாவருஷம் வருகிற வேலையாக மாறிவிட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பு சித்தப்பா பொறுப்பு. ஐப்பசிக்கு முன்னால் மாடி ஏறி, தண்ணீர்க் குழாய் வாயில் அடைத்த சருகை அள்ள வேண்டும். சுவரில் முளைத்த அரசங்கன்றை இலையோடு கிள்ளாமல் வேரோடு எடுக்க வேண்டும். இந்த வருஷம் அது தம்பியின் முறை. ஏணி வாங்கிவிட்டாயா என்று அத்தை ஆவணியிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார்.