கறுப்பு பம்பர் எங்கே போச்சு?

முதல்ல ஒரு சின்ன சோதனை. வீட்ல பழைய மாருதி 800 இருந்தா நல்லது. இல்லைனா பார்க்கிங்ல வருஷக்கணக்கா வெயில் காய்ற ஏதாவது ஒரு கார் போதும். அதோட பெயிண்ட் அடிக்காத கறுப்பு பம்பர் இப்போ சாம்பல் பூசின மாதிரி இருக்கும். அதுல ஒரு கை தண்ணி தெளிச்சுப் பாருங்க. தண்ணி பட்ட இடம் புதுசு மாதிரி கறுப்பாகும். காய்ந்ததும் மறுபடி சாம்பல்.

நிறமே போயிருந்தால் வெறும் தண்ணீர் அதை எப்படித் திருப்பிக் கொண்டுவரும்? அப்போ கறுப்பு அங்கேயேதான் இருக்கிறது. இந்த பிளாஸ்டிக்குக் கறுப்பு தருவது கார்பன் பிளாக் என்ற கரித்தூள். எத்தனை வெயில் அடித்தாலும் கரி வெளுக்காது. கெட்டுப்போனது அதைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக்.

அந்த பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிப்ராப்பிலீன். முதல் வருஷ கெமிஸ்ட்ரியை ஞாபகப்படுத்திக்கோங்க: அதன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் மெத்தில் குழு தொங்கும். அந்தக் கார்பனோடு இருக்கிற ஒற்றை ஹைட்ரஜன்தான் பலவீனமான இடம். புற ஊதாக் கதிர் கிளப்பிவிடுகிற ரேடிக்கல்கள் அந்த ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும். காலியான இடத்தில் ஆக்ஸிஜன் ஒட்டும், பெராக்சைடு உருவாகும், கடைசியில் சங்கிலி அறுந்துபோகும். இதைத் தடுக்க ஆலையிலேயே நிலைநிறுத்திகளைக் கலக்கிறார்கள். ஆனால் அவை ஒரு நாள் தீர்ந்துபோகும். அறுந்த குட்டைச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்வதால் மேல்தோல் சுருங்கும், அடியில் இருக்கிற பிளாஸ்டிக் சுருங்காது. வற்றின குளத்தில் களிமண் வெடிப்பது போல மேற்பரப்பு முழுக்க நுண்ணிய விரிசல்.

இனி ஒளியியல். பாலிப்ராப்பிலீனின் ஒளிவிலகல் எண் சுமார் 1.49, காற்று 1. இரண்டும் சந்திக்கிற ஒவ்வொரு பரப்பிலும் நேராக விழும் ஒளியில் கிட்டத்தட்ட 3.9 சதவீதம் திரும்பி வரும். வழவழப்பான பரப்பில் அது ஒரே திசையில் போய்விடும், அதுதான் பளபளப்பு. விரிசல் விட்ட பரப்பிலோ நாலாபக்கமும் சிதறும், கண்ணுக்கு வெண்மையாகத் தெரியும். கண்ணாடியை நொறுக்கினால் வெள்ளைத் தூளாகத் தெரிவதும் இதனால்தான். விரிசலில் தண்ணீர் (1.33) நிறைந்தால் அந்த 3.9 சுமார் 0.3 ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் (சுமார் 1.45) என்றால் 0.02 அளவுதான். ஃப்ரெனல் சமன்பாட்டில் நீங்களே போட்டுப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை.

பம்பருக்கு எண்ணெய் தடவுகிற வைத்தியம் ஏன் உடனே பலிக்கிறது, ஏன் நிலைக்கவில்லை என்பது இப்போ புரிந்திருக்கும். விரிசல் மூடவில்லை, நிரம்பியிருக்கு, அவ்வளவுதான். நாலு மழை, ரெண்டு வாட்டர் வாஷ், எண்ணெய் போச்சு. போகிறவரை தூசியையும் இழுத்து வச்சுக்கும். ஷூ பாலிஷும் அதே கதைதான், கூடவே சாயம் வேறு. வெள்ளை வேட்டியோட யாராவது பம்பர்ல சாய்ஞ்சாங்கன்னா உங்க பாடு திண்டாட்டம். சிலிகான் கலந்த டயர் பாலிஷ் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். ஆனால் அது பாடியில் தெறித்திருந்தால் பின்னால் பெயிண்ட் அடிக்கும்போது குழி குழியாக விழும், பெயிண்டர் உங்களைத் திட்டுவார்.

அடுத்தது ஹீட் கன். வீடியோவில் பார்த்தால் மந்திரம் மாதிரி இருக்கும். பாலிப்ராப்பிலீன் 160 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். வெப்பத்தை மோசமாகக் கடத்துவதால் சூடு மேல்தோலிலேயே நிற்கும். அந்தத் தோல் உருகி விரிசல்கள் ஒட்டிக்கொள்ளும், கறுப்பு தெரியும். இது நிஜமாகவே பரப்பைச் சரிசெய்கிற முறை. ஆனால் தீர்ந்துபோன நிலைநிறுத்தி திரும்ப வராது. அதனால் பாதுகாப்பு ஏதும் பூசாமல் விட்டால் முதல் தடவையைவிட வேகமாக வெளுக்கும்.

இதில் நான் சொதப்பின கதையும் உண்டு. செமஸ்டர் லீவில் சித்தப்பா தன் 800-ஐ விற்கப் பார்த்தார். பார்க்க வந்தவர் பம்பரைக் காட்டியே விலையைக் குறைத்தார். நான் பார்த்துக்கறேன் சித்தப்பானு இரவல் ஹீட் கன்னோடு இறங்கினேன். முக்கால் பம்பர் அருமையாக வந்தது. ஓரத்தில் ஒரு கறை போகவில்லை என்று அங்கேயே சில விநாடி கன்னைப் பிடித்தேன். மூலை அலை அலையாக நெளிந்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, அது வெயிலால் வந்த வெளுப்பே இல்லை, பாடிக்குப் போட்ட வாக்ஸ் படிந்த கறை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்திருந்தாலே போயிருக்கும்.

அதனால் வரிசை முக்கியம். பாத்திரம் கழுவுகிற சோப்பும் பழைய டூத் பிரஷும் வைத்துத் தேயுங்க. காய்ந்ததும் ஆல்கஹாலில் துடைத்து, கறை எது, வெளுப்பு எது என்று முதலில் பிரியுங்க. ஹீட் கன் தேவை என்றால் இண்டிகேட்டர் கவர், நம்பர் பிளேட்டைக் கழற்றிவிட்டு, பெயிண்ட் ஓரத்தை ஈரத்துணியால் மூடுங்க. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் முதலில் முயற்சி. கை நிற்கவே கூடாது, இஸ்திரி போடுகிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கணும். பம்பரில் சொரசொரப்பு டிசைன் இருந்தால் கவனம், அதிகமாகச் சுட்டால் டிசைன் உருகி அங்கங்கே பளபளப்புத் திட்டு விழும்.

ஆறினதும் டிரிம் கோட்டிங். இது எண்ணெய் மாதிரி இல்லை, பரப்பிலேயே காய்ந்து இறுகிவிடும். ஸ்பாஞ்சில் சில சொட்டு எடுத்து மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தை உடனே துடைத்துவிடணும். நிழலில் செய்யுங்க, அன்றைக்கு மழை படக்கூடாது. லேசான வெளுப்பென்றால் ஹீட் கன்னே வேண்டாம், இது மட்டும் போதும் என்பது என் கருத்து. பெயிண்ட் அடிக்கிறதானால் பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் அடிக்காதீங்க. பாலிப்ராப்பிலீனின் பரப்பு ஆற்றல் ரொம்பக் குறைவு, பெயிண்ட் ஒட்டாமல் தோல் தோலாக உரியும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போறவங்க பையில் ஒரு டிஷ்யூவும் கொஞ்சம் ஆல்கஹாலும் வச்சுக்கோங்க. பம்பர் ரொம்பக் கறுப்பாக இருந்தால் ஓனரைக் கேட்டுவிட்டு ஒரு ஓரத்தில் துடைத்துப் பாருங்க. டிஷ்யூவில் பிசுக்கு வந்து அந்த இடம் சாம்பலானால் நேற்று சாயங்காலம்தான் எண்ணெய் போட்டிருக்கிறார்கள்.

சித்தப்பா வண்டியை அடுத்த மாதம் வேறொருவர் எடுத்துக்கொண்டார். நெளிந்த மூலையை சித்தப்பாவே முதலில் காட்டினார், "இது எங்க இன்ஜினியர் பண்ணது" என்று.