மன்னார்க் கரையின் கடற்பறவைகள்

சென்ற இதழில் நம்ம மலையில் உள்ள பறவைகளைப் பற்றிச் சொல்லியிருந்தோம். இம்முறை கடற்கரைக்குப் போவோம், மன்னாருக்கு.

மன்னார் தூரம்தான். ஆனால் நமக்கு அந்நிய இடமல்ல. நமது பாட்டன், பூட்டன்மாரில் பலர் ராமேஸ்வரம் பக்கமிருந்து தோணியேறி வந்து கால் வைத்தது அந்தக் கரையில்தான். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போனவர்கள் கப்பலேறியதும் தலைமன்னார் இறங்குதுறையில்தான். அழுதுகொண்டு கையசைத்த அந்த நேரத்தில், தலைக்கு மேலே பறந்த வெள்ளைப் பறவைகளை யார் கவனித்திருப்பார்கள்?

கடற்பறவை என்றதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அல்பட்ரோஸ் என்பார்கள். அதில் பெரிய இனம் சிறகை விரித்தால் 11 அடி வரைகூட வரும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் அது சிறகு விரித்தால் சுவருக்குச் சுவர் முட்டும். ஆனால் அது தெற்கே குளிர்ந்த பெருங்கடல்களில் வாழ்வது. மன்னாரில் அதைத் தேடிப் பயனில்லை.

மன்னாரில் பார்க்கக் கிடைப்பவை வேறு. முதலில் பூநாரை. தீவுக்குள் நுழையும் பாலத்துக்கு முன்னாலேயே, வங்காலைப் பக்கத்துச் சேற்று நீரில், மாரிகாலத்தில் கூட்டமாக நிற்கும். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் சேற்று நீரை அரித்துச் சிறு கூனிகளைத் தின்னும். இளஞ்சிவப்பு நிறமும் அந்தத் தீனியால் வருவதே. வங்காலை 2008இல் பறவைகள் சரணாலயமானது. 2010இல் 4,839 ஹெக்டேயர் நிலம் சர்வதேச ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

அடுத்தது கடற்காகம். பேர்தான் காகம், நிறம் வெள்ளையும் சாம்பலும். மீன் இறக்கும் இடங்களில் நம்மூர்க் கோழி மாதிரி சுற்றித் திரியும். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் இவற்றைப் பிடித்து முதுகில் சின்னக் கருவி பொருத்தி விட்டார்கள். அவை போன இடம் ரஷ்யாவின் வடகோடி! நேராக அளந்தாலே ஒரு வழிக்கு 6,500 கிலோமீட்டருக்கு மேல் வரும். போன பறவை மறு பருவத்தில் மன்னாருக்கே திரும்பியும் வந்தது. அதனிடம் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்பார் யாருமில்லை.

குடிதண்ணீருக்கு என்ன செய்யும் என்று கேட்கலாம். கடல் நீரையே குடிக்கும். கண்ணுக்கு மேலே உள்ள ஒரு சுரப்பி மிகுதி உப்பைப் பிரித்தெடுத்து, மூக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே விட்டுவிடும்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த ஆலாவுக்கு வருவோம். மெலிந்த உடம்பு, கூரிய சிறகு, கவட்டை வால். மேலிருந்து செங்குத்தாகக் கடலில் விழுந்து மீனைக் கொத்தும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்துக்கு மணல் திட்டுகள் உண்டு. ராமர் அணை, ஆதாம் பாலம் என்று சொல்கிறோமே, அதுதான். இலங்கைப் பக்கத்துத் திட்டுகள் 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஆலாக்களில் பல இனங்கள் இங்கே முட்டையிடுகின்றன. மரமில்லாத, நிழலில்லாத இடத்தை ஏன் தேடிப் போகின்றன? நாய் இல்லை, நரி இல்லை, மன்னார்த் தெருவெல்லாம் அலையும் கழுதையும் இல்லை. அதனால்தான்.

கூடு என்று ஒன்றும் கட்டாது. மணலில் சிறு குழி, அவ்வளவே. முட்டை மணல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. எதிரியிடமிருந்து காப்பாற்றும் அதே நிறம்தான் நம் காலடியில் அதை மிதிபட வைக்கிறது.

மிதிக்காவிட்டாலும் ஆபத்து உண்டு. தாயும் தகப்பனும் மாறி மாறி முட்டைமேல் உட்காருவது சூடு கொடுக்க மட்டுமல்ல. பகல் வெயிலில் நிழல் கொடுக்கவும்தான். ஆட்கள் நெருங்கினால் கூட்டம் முழுவதும் எழும்பிப் பறந்துவிடும். நாம் சிரித்துப் பேசிப் படம் பிடிக்கும் நேரத்தில், கொதிக்கிற மணலில் கிடக்கும் முட்டைக்குள் குஞ்சு செத்துப்போகும். நமக்கு அது தெரியவும் வராது.

மன்னாரில் வேறு தொல்லைகளும் உண்டு. தீவின் தென்கரையில் 2020 முதல் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. பாரமான பெரிய பறவைகள் சட்டென்று திரும்ப முடியாமல் மின்கம்பியில் மோதுவதும் உண்டு. லயத்துக்கு லைட் வேண்டும் என்று கேட்கிற நாம் மின்சாரமே வேண்டாம் என்று சொல்ல முடியாது. கம்பி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைத்தான் கேட்கலாம்.

மடுத் திருவிழாவுக்குப் போகிற நம்ம ஆட்கள் அப்படியே மன்னாரையும் பார்த்து வருவது வழக்கம். ஆடித் திருவிழா நேரம் ஆலாக்களின் முட்டைக் காலத்தோடு சேர்ந்து வரலாம். படகில் திட்டுப் பக்கம் போக நேர்ந்தால் படகிலிருந்தபடியே பாருங்கள். மீன் பொதி, சோற்றுப் பார்சல் எதையும் அங்கே போடாதீர்கள். அதைத் தேடிக் காகம் வரும், வந்த காகம் முட்டையையும் தின்னும். மணல் கரையில் நடக்கும்போது ஓர் ஆலா கத்திக்கொண்டு உங்கள் தலையைக் குறிவைத்துப் பாய்ந்தால், பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்த காலடித் தடத்திலேயே மெல்லத் திரும்பி வந்துவிடுங்கள்.