கரமனையாற்றின் தலைமாட்டில்

திருவனந்தபுரம்

அன்புள்ள வள்ளி,

தோழிகளோடு மலையில் ஓர் இரவாவது கூடாரத்தில் தங்க வேண்டும், எங்கே போகலாம் என்று எழுதியிருந்தாய். கட்டில், மெத்தை, ஏசி, குளியலறை எல்லாம் வைத்துக் ‘கிளாம்பிங்’ என்று விற்கிறார்களே, அது உண்மையான கேம்பிங் ஆகுமா, காசைக் கொட்டி ஏமாறுகிறோமா என்றும் கேட்டிருந்தாய்.

ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். முழங்கால் வலியோடு இருக்கிற உன் அம்மாவுக்கு விடியற்காலை மலையின் மூடுபனியைக் காட்ட வேண்டுமென்றால் கட்டில் போட்ட கூடாரம்தான் வழி. வாகமண் புல்மேடுகளுக்கு நடுவே 2022இல் ஒரு கேரவன் பூங்கா திறந்தார்கள். வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிவறை. அதற்கு முந்தைய ஆண்டு கேரள அரசு அறிவித்த கேரவன் சுற்றுலாத் திட்டத்தின் கீழ் வந்தது அது. முதியவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் பெரிய உதவி. மெத்தையில் படுப்பதா பாயில் படுப்பதா என்று நான் யோசிப்பதே இல்லை. கூடாரம் எந்தத் தரையில் நிற்கிறது, அந்தத் தரையை அது என்ன பாடு படுத்துகிறது என்றுதான் பார்ப்பேன்.

ஆகவே முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் போன் செய்து கேள். குளியலறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எந்தக் குழிக்குப் போகிறது, காட்டு எல்லை எவ்வளவு தொலைவு, உரிமம் இருக்கிறதா. பதிலில் தயக்கம் தெரிந்தால் வேறு இடம் பார். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், காட்டை ஒட்டிய ஒரு ரிசார்ட்டின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண்ணை இரவில் யானை மிதித்துக் கொன்றது. யானை தன் பாதையில் வந்தது. அந்தப் பாதையில் துணிச்சுவரைக் கட்டி அதற்குள் ஒருத்தியைப் படுக்க வைத்தவர்கள் மனிதர்கள். அன்றிலிருந்து கூடார விளம்பரம் எதைப் பார்த்தாலும் படத்தில் பின்னால் தெரியும் மரங்களைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இனி உன் முதல் கேள்வி. எங்கே போவது? பொன்முடி அருகில்தான், இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள், நல்ல சாலை. ஒரு பகல் போய்விட்டு வரலாம். ஆனால் காட்டில் ஓர் இரவு என்பதன் பொருளைத் தெரிந்துகொள்ள, இந்த மாவட்டத்திலேயே நான் உன்னை அனுப்ப விரும்புவது ஒரே இடத்துக்கு. அகஸ்தியர்கூடம். 1868 மீட்டர். நீங்கள் அங்கே பாபநாசத்தில் நின்றுகொண்டு பொதிகை என்று கைகாட்டுகிற அதே மலைதான். அந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். இன்று அனுமதி பெற்று ஏறும் வழி எங்கள் பக்கம், போணக்காட்டிலிருந்து.

அங்கே உனக்குக் கூடாரம் கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிருமலை என்ற முகாமில் தகரக் கூரை போட்ட கொட்டகைகள் இருக்கின்றன. பாய் விரித்துப் படுக்க வேண்டும். சாப்பாடு, வனத்துறையோடு சேர்ந்து இயங்கும் சூழல் மேம்பாட்டுக் குழுவின் கேன்டீனில்: கஞ்சி, பயறு, கட்டன் சாயா. முதல் நாள் போணக்காட்டிலிருந்து அதிருமலைக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடை. இரண்டாம் நாள் அங்கிருந்து உச்சிக்குப் போய்த் திரும்புவது. மூன்றாம் நாள் இறக்கம். காடு தன் விருந்தாளியை எவ்வளவுதான் தாங்கும் என்று கணக்குப் பார்த்து வைத்த ஏற்பாடு இது. ஜனவரி நடுவிலிருந்து சில வாரங்கள்தான் காலம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு. தனியார் யாரும் இதைவிட நல்ல முகாமை இந்தப் பக்கத்தில் நடத்தி நான் பார்த்ததில்லை.

ஏன் அந்த வரம்பு? நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கரமனையாற்றைக் கடப்பாய். பாறைகளுக்கு இடையில் நெளிகிற தெளிந்த ஓடை. திருவனந்தபுரத்தில் கரமனைப் பாலத்துக்கு அடியில் நீ பார்த்த ஆறு அதுவேதான். அந்த நீர் பேப்பாறை அணையில் தேங்கி, அருவிக்கரையில் சுத்திகரிக்கப்பட்டு, எங்கள் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. பேப்பாறை அணையும் பேப்பாறை வனவிலங்குச் சரணாலயமும் ஒரே ஆண்டில், 1983இல் வந்தவை. அணைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் மேலே காடு வேண்டும் என்பதை அந்த இரண்டும் ஒன்றாக நிற்பதே சொல்கிறது. நீ இரவு தங்கப்போவது ஒரு நகரத்தின் குடிநீருக்குத் தலைமாட்டில். அதனால் ஓடையில் சோப்பு வேண்டாம், ஷாம்பூ வேண்டாம், பல் விளக்கி நுரையைத் துப்பவும் வேண்டாம். பாத்திரத்தில் மொண்டு வந்து, ஓடையிலிருந்து அறுபது எழுபது மீட்டர் தள்ளி மண்ணில் ஊற்று, மண் வடிகட்டிக்கொள்ளும். கழிவறை இருக்கிற இடத்தில் அதையே பயன்படுத்து. நீ கொண்டுபோன பிஸ்கட் உறை உன் பையிலேயே திரும்பி வர வேண்டும். நுழைவில் எண்ணிக் குறித்து, வெளியேறும்போது சரிபார்க்கிறார்கள் என்பதற்காக மட்டும் அல்ல.

போணக்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று நொடித்துக் கிடக்கிறது. சிதைந்த பங்களாவில் பேய் இருப்பதாகக் கதை கட்டி, அதைப் படம் எடுக்கவே இளைஞர்கள் வருகிறார்கள். அந்தப் பங்களாவுக்குச் சற்று தள்ளி லயங்களில், வரவேண்டிய கூலி வராமல் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. பேயைத் தேடாதே. லயத்து வாசலில் யாராவது உட்கார்ந்திருந்தால் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போ.

பாதையின் பெயர்களே பாதையைச் சொல்லிவிடும். அட்டையாற்றில் அட்டைகள் இருக்கும். ஜனவரியில் குறைவு, ஆனாலும் காலுறைக்கு மேல் ஏறும் நீளமான அட்டைச் சாக்ஸ் வாங்கிக்கொள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தை நெம்பி விடு. அங்கே தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொள்வது முக்கியம், ஏனென்றால் அதற்குப் பிறகு புல்வெளி, நிழல் இல்லை. பிறகு ஏழுமடக்கன்தேரி, அதன் பின் முட்டிடிச்சான்தேரி. முழங்கால் நெஞ்சில் இடிக்கிற ஏற்றம். பேசாமல் ஏறு. மூச்சு வாங்கினால் நில், வெட்கப்படாதே. முன்னால் ஓடுகிறவர்கள்தான் இரண்டாம் நாள் பொங்காலப்பாறையோடு நின்றுவிடுகிறார்கள்.

புல்வெளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். மலைக்காடு என்றால் மரம் என்று நினைக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில் பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்லுமாக நிலம் பிரிந்து கிடக்கும். புல் மழைநீரைப் பிடித்து மெல்லக் கீழே விடுகிறது. கோடையிலும் ஓடை நிற்காமல் போவதில் அதற்குப் பெரும் பங்கு. வெற்றிடம் என்று எண்ணி அதில்தான் எல்லாரும் கூடாரம் அடிக்க ஆசைப்படுகிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் அந்தப் புல் சருகாகிவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் புல்வெளித் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உன் வயதுள்ளவர்கள் பலர். சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது மனிதக் கால் அதை முந்த முடியாது. காற்று திசை மாறினால் ஓடுகிற பக்கமே தீயாகிவிடும். எனவே ‘கேம்ப் ஃபயர்’ இல்லாத இரவு நிறைவு தராது என்று உன் தோழிகளில் யாராவது சொன்னால், அவளுக்குக் குரங்கணியைப் பற்றி நீயே சொல். சிகரெட் பிடிக்கிறவர்களைக் குழுவில் சேர்க்காதே.

புல்லில் இன்னொன்றும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள். அவை கடித்தால் உண்ணிக் காய்ச்சல் வரலாம். திருவனந்தபுரம் பக்கத்தில் இது அரிய நோய் இல்லை. வெறும் புல்லில் உட்காராதே, படுக்காதே. விரிப்பு போடு, முழுக்கால்சட்டை அணி, இரவு மாற்றுடை. திரும்பி வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கில் கரிந்த பொருக்குப்போல் புண் இருக்கிறதா பார்த்து, காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலில் சொல். சொன்னால் எளிய மாத்திரையில் தீரும். சொல்லாமல் விட்டால் உறுப்புகளைத் தாக்கும். கால் புண்ணோடு சேற்றுத் தண்ணீரில் நடந்தால் எலிக்காய்ச்சலும் அப்படித்தான்.

அகஸ்தியர்கூடத்தில் முகாம் போடுவது புதிய மோகம் அல்ல என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல், இங்கே திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் கட்டினார்கள். பிறகு அதன் இயக்குநராக வந்த ஜான் ஆலன் ப்ரௌன், 1855இல் அகஸ்தியர் மலையின் உச்சிப் பக்கத்தில் இன்னொரு ஆய்வுக்கூடத்தை எழுப்பினார். பூமியின் காந்தப்புலம் நகரத்தில் ஒரு மாதிரியும் ஆறாயிரம் அடிக்கு மேல் வேறு மாதிரியும் மாறுகிறதா என்று பார்க்க. கருவிகளும் பலகைகளும் அரிசியும் மனிதத் தலைகளில் ஏறின. மூடுபனியும் காற்றும் சூழ்ந்த அந்தக் குடிசையில் உள்ளூர் உதவியாளர்கள் குறித்த நேரங்களில் ஊசியின் அளவைப் பார்த்து எழுதினார்கள். அந்தக் கணக்குகள் 1874இல் நூலாக வந்தன. ஊரறிந்த பெயர் ப்ரௌனுடையது. இரவு விழித்திருந்தவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். காட்டில் ஓரிரவு கண் விழிக்க நேர்ந்தால் அவர்களை நினைத்துக்கொள்.

இன்றும் அங்கே நம்மை நடத்திச் செல்பவர்கள் பெரும்பாலும் அந்த மலையின் பழங்குடிகளான காணிகள். 1987இல் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் மலையேறிய ஆய்வாளர்கள் களைத்துச் சோர்ந்தபோது, வழிகாட்டிக் காணிகள் ஒரு சிறு காயை மென்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோட்டுத் தாவர ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்கு என்று ஒதுக்கியது. பழங்குடியின் அறிவுக்குப் பங்கு கொடுத்த தொடக்க எடுத்துக்காட்டாக உலகம் இதைப் பேசுகிறது. உன் வழிகாட்டி ‘நில்’ என்றால் நில். யானை வாடை அவருக்கு முதலில் தெரியும். அவர் பெயரைக் கேட்டு, அண்ணா என்று கூப்பிடு.

பெண்கள் மேலே போகலாமா என்று பாட்டி கேட்டாளாம். 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம், பெண்களைத் தடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் உச்சி ஏறினார். அந்த மலையைத் தங்கள் முனிவரின் இருப்பிடமாக வணங்கும் காணிகள் வழி மறிக்காமல் அமைதியாகத் தங்கள் வருத்தத்தைத் தெரிவித்தார்கள். நீ போக உனக்கு முழு உரிமை உண்டு. அவர்களுடைய வருத்தத்தையும் மதித்து நட. உச்சியில் அகத்தியர் சிலை இருக்கிறது. அதில் சாய்ந்து படம் எடுக்காதே, கத்தாதே.

பிற்பாடு சொந்தக் கூடாரம் வாங்கி, உரிமம் உள்ள இடங்களில் தங்க ஆரம்பிப்பாய் என்று தெரியும். அதற்குச் சில: தென்னை மரத்தடியில் கூடாரம் வேண்டாம்; தேங்காயும் மட்டையும் இரவில் நேரம் பார்த்து விழுவதில்லை. ரப்பர் தோட்டத்தில் காய்ந்த கிளையைப் பார்த்து இடம் தேர்ந்தெடு. ஓடைப்படுகையில் ஒருபோதும் வேண்டாம், இங்கே மழை தெரியாவிட்டாலும் மேலே பெய்திருக்கும். எங்கள் ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் இடி மிகக் கடுமை, மேட்டில் நிற்கக்கூடாது. குளிருக்குப் பயந்து ஜிப்பை முழுதும் மூடினால் உன் மூச்சின் ஈரமே உள்கூரையில் கோத்து விடியலில் சொட்டும். மேல்வலையைத் திறந்து வை. பலாப்பழம், வாழைப்பழம், உப்பு எதையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதே.

முன்பதிவு ஆன்லைனில், வனத்துறையின் தளத்தில் மட்டும். இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். இடைத்தரகர் யாருக்கும் பணம் கொடுக்காதே. உடல்தகுதிக்கு மருத்துவச் சான்று கேட்கிறார்கள். பயணத்துக்கு முந்தைய வாரத்தில் எடுத்ததாக இருக்கட்டும். இப்போதிருந்தே தினமும் மாடிப்படி ஏறிப் பழகு, புது ஷூவை இரண்டு வாரமாவது ஊருக்குள் போட்டு நட. முந்தைய நாள் மாலையே இங்கே வந்துவிடுங்கள். தம்பானூரிலிருந்து விதுரா வழியாகப் போணக்காட்டுக்கு அதிகாலையில் உங்களை நானே கொண்டுபோய் விடுகிறேன். டிசம்பர் கடைசியிலிருந்து அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிரு. உன்னோடு வருகிறவர்களின் பெயர், வயது, அடையாள அட்டை எண்களை எழுதித் தயாராக வை.

அன்புடன்,
மாமா