வீடியோ கேமும் குடும்ப வரவு செலவும்

மருத்துவப் பக்கத்தில் வீடியோ கேம் பற்றி என்ன பேச்சு என்று சில வாசகர்கள் நினைக்கலாம். பிள்ளையின் நித்திரை, உடற்பயிற்சி, பெற்றோரின் மன அமைதி ஆகிய மூன்றையும் இந்தக் கருவி பாதிக்கிறது. பணத்தால் வரும் சண்டையும் மன அழுத்தமே. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

வீடியோ கேம் கெட்ட பொருள் அல்ல. 2006இல் நின்டெண்டோ வீ கருவியுடன் வந்த விளையாட்டு, தாத்தா பாட்டிமாரையும் எழுந்து நின்று பந்து உருட்ட வைத்தது. குடும்பமாக விளையாடுவது நல்லதே.

உண்மையான விலை எவ்வளவு?

நின்டெண்டோ சுவிட்ச் 2 கருவி 2025 ஜூனில் 449.99 டொலருக்கு வெளிவந்தது. நியூ ஜெர்சியின் 6.625 சதவீத விற்பனை வரியுடன் அது சுமார் 480 டொலர். டெக்சாஸில் வரி 8.25 சதவீதமாக உள்ள ஊர்களில் சுமார் 487 டொலர். விளையாட்டுகள், இரண்டாவது கைப்பிடி, இணையச் சந்தா எல்லாம் இதற்கு மேல்.

இவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள். தெரியாத செலவு, விளையாட்டுக்குள்ளேயே உடை, ஆயுதம், நாணயம் என்று வாங்குவது. அங்கே டொலர் விளையாட்டு நாணயமாக மாறிவிடுவதால், எவ்வளவு போனது என்று சிறு பிள்ளைக்குப் புரிவதில்லை.

இதற்குப் பிள்ளையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பே ஏரியாவின் குப்பர்டினோவில் உள்ள ஆப்பிள் நிறுவனம், பெற்றோர் அனுமதியின்றிப் பிள்ளைகள் வாங்கியவற்றுக்காகக் குறைந்தது 32.5 மில்லியன் டொலர் திருப்பித் தர 2014இல் மத்திய வர்த்தக ஆணையத்துடன் உடன்பட்டது. கடவுச்சொல்லை ஒருமுறை இட்டால், அடுத்த 15 நிமிடங்களுக்கு அது மீண்டும் கேட்கப்படவில்லை. ஃபோர்ட்நைட் விளையாட்டின் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் 245 மில்லியன் டொலர் திருப்பித் தர இணங்கியது. ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினாலே பணம் போய்விட்டது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு.

செய்ய வேண்டியவை

1. ஆண்டுக்கு ஒரு தொகையை ஒதுக்கி, பிள்ளைக்கும் அதைச் சொல்லுங்கள்.

2. கடனட்டை எண்ணைக் கருவியில் சேமிக்க வேண்டாம். பரிசு அட்டை வாங்கிக் கொடுங்கள். அதில் உள்ள பணம் முடிந்தால் அந்த மாதச் செலவும் முடிந்தது.

3. பிள்ளைக்குத் தனிக் கணக்குத் திறந்து, பெற்றோர் கட்டுப்பாட்டை அமையுங்கள். பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ், சுவிட்ச் மூன்றிலும் இந்த வசதி உண்டு. கருவியைப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

4. பெட்டியில் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். விளையாட்டுக்குள் வாங்கும் வசதி உண்டு என்ற குறிப்பும் அதன் அருகில் இருக்கும்.

5. பல பொது நூலகங்கள் விளையாட்டுகளை இரவல் தருகின்றன. நண்பர் குடும்பங்களுடன் மாற்றிக்கொள்ளலாம். வட்டாக வாங்கியதைப் பிறகு விற்கலாம், தரவிறக்கியதை விற்க முடியாது.

6. கருவியைக் கூடத்தில் வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம். 6 முதல் 12 வயதினருக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் நித்திரை தேவை. தினமும் 60 நிமிட ஓடியாட்டமும் தேவை. இரவில் யாருக்கும் தெரியாமல் விளையாடும் பிள்ளைதான் தெரியாமல் செலவும் செய்யும்.

தெரியாமல் பணம் போய்விட்டால் உடனே நிறுவனத்திடம் திருப்பிக் கேளுங்கள். ரசீதுகளை வைத்திருங்கள். பிள்ளையை அடித்தால் அடுத்த முறை மறைக்கத்தான் பழகும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதையே நாடுதல், பாதிப்பு வந்தபின்னும் தொடர்தல் ஆகியவை வழக்கமாக 12 மாதங்கள் நீடித்தால், உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு நோயாகக் கருதுகிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. ஆனால் நித்திரையும் படிப்பும் கெடும்போதே வாருங்கள், 12 மாதம் காத்திருக்க வேண்டாம்.

போரிலும் இடப்பெயர்விலும் பொம்மையின்றி வளர்ந்த எங்களில் பலருக்கு, பிள்ளை கேட்டதை மறுக்க மனம் வருவதில்லை. அந்த அன்பு நியாயமானதே. ஆனால் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பதைவிட, வாரம் ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து விளையாடுவதே பிள்ளைக்குப் பெரிய பரிசு. நீங்கள் தோற்றால் அதற்கு இன்னும் சந்தோஷம்.